‘அத்தை, ஜட்ஜ் கேட்டா நான் யாரைச் சொல்லணும்?’

காரைக்கால் கடற்கரையில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் காற்று சரியாக வீசும். அரசலாறு கடலில் சேரும் பக்கமாக உட்கார்ந்து நானும் என் அண்ணன் மகளும் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பாதி பஜ்ஜியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அத்தை, ஜட்ஜ் கேட்டா நான் யாரைச் சொல்லணும்?”

அவளுக்கு அப்போது 14 வயது. ஒன்பதாம் வகுப்பு. அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். “ஊர் பேர் போட்டுக்கோங்க, என் பேர் மட்டும் வேணாம்” என்பது அவள் போட்ட கண்டிஷன். அண்ணியிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். விவாகரத்துக்குப் பிறகும் ‘அண்ணி’யா என்று என் அம்மா முகம் சுளிப்பார். பதினைந்து வருடம் கூப்பிட்ட வாய்க்கு வேறு வார்த்தை வரவில்லை.

அண்ணனும் அண்ணியும் பிரிந்ததைப் பற்றி நிறைய சொல்வதற்கில்லை. இருவரும் கெட்டவர்கள் இல்லை. சண்டை போட்டுப் போட்டு ஓய்ந்து, பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்தார்கள். அண்ணிக்கும் காரைக்கால்தான் பிறந்த ஊர். மகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். அண்ணனுக்குச் சென்னையில் வேலை. குழந்தை யாரிடம் இருக்கும், யார் எப்போது பார்க்கலாம் என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. ‘அதெல்லாம் நமக்குள்ள பார்த்துக்கலாம்’ என்றார்கள். மூன்று வருடம் அப்படியே ஓடியது. அவள் பத்தாம் வகுப்புக்குப் போகும் நேரம் நெருங்கியதும், சென்னையில் நல்ல பள்ளியில் சேர்க்க வேண்டும், கோச்சிங் வேண்டும், தன்னிடம் அனுப்ப வேண்டும் என்றார் அண்ணன். அண்ணி முடியாது என்றார். மனு போட்டார்.

இந்த இடத்தில் என் பங்கைச் சொல்லியாக வேண்டும். நான் வெறும் பஜ்ஜி வாங்கிக் கொடுக்கும் அத்தையாக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. “நீ சொன்னா அவ கேப்பா. சும்மா பக்குவமா எடுத்துச் சொல்லு” என்று அம்மா ஒரு மாதமாக என்னைத் துளைத்தெடுத்துக்கொண்டிருந்தார். அண்ணனிடம் நானே போனில், “நீ கவலைப்படாத, நான் பேசிக்கிறேன்” என்று சொல்லியிருந்தேன். அண்ணன் அனுப்பிய புது செல்போன் என் பையில் இருந்தது. அதற்கு முந்தின வாரமே, “சென்னைக்குப் போனா உனக்குன்னு தனி ரூம் இருக்குமாம்” என்று ஒரு வார்த்தையை விட்டும் பார்த்திருந்தேன். அவள் பதில் சொல்லவில்லை.

அன்றைக்கு போனை எடுத்துக் கொடுக்கும் முன்னால் அவள் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாள். “உனக்கு யாரோட இருக்கணும்னு தோணுது?” என்று கேட்டேன். எவ்வளவு நியாயமாகக் கேட்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அம்மான்னு சொன்னா அப்பா இனிமே ஞாயித்துக்கிழமை போன் பண்ண மாட்டார். அப்பான்னு சொன்னா அம்மா ராத்திரி சாப்பிட மாட்டாங்க. ரெண்டு பேருக்கும் தெரியாம ஜட்ஜ்கிட்ட மட்டும் சொல்ல முடியுமா?”

செல்போன் பையிலேயே இருந்துவிட்டது. சென்னை பள்ளி, தனி அறை, கோச்சிங் என்று நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதற்கும் அந்தக் கேள்வியில் இடமில்லை. எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மிச்ச பஜ்ஜியை நாய்க்குப் போட்டுவிட்டு எழுந்தோம்.

*

மறுநாள் எங்களுக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அக்காவிடம் போனேன். இந்த வழக்கில் அவர் யாருக்கும் ஆஜராகவில்லை, அதனால் மனம் விட்டுப் பேசினார்.

முதலில் அவர் எடுத்துக் காட்டியது 1890-ம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துக் காப்பாளர் சட்டம், இன்றும் நடப்பில் இருக்கிறது. மைனர் வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் கோர்ட்டில்தான் மனு போட வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. அண்ணன் சென்னையில் போடாமல் காரைக்காலுக்கு பஸ் ஏறி வந்துகொண்டிருந்ததன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதன் 17-வது பிரிவு, குழந்தையின் நலனைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. அதே பிரிவின் மூன்றாவது உட்பிரிவு, யோசித்து விருப்பம் சொல்லும் அளவுக்கு மைனர் வளர்ந்திருந்தால், கோர்ட் அந்த விருப்பத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது.

“ ‘எடுத்துக்கொள்ளலாம்’தான். ‘அதன்படிதான் தீர்ப்பு’ன்னு இல்ல. எத்தனை வயசுன்னும் சட்டம் சொல்லல” என்றார் அக்கா. “இந்து மைனர் சட்டம் 1956-ல வந்தது. அதுல அஞ்சு வயசுக்குள்ள குழந்தை சாதாரணமா அம்மாகிட்டதான்னு இருக்கு. 18 ஆயிட்டா யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல. நடுவுல இருக்கிற இந்த 13, 14, 15தான் சிக்கல். பெரியவங்க மாதிரி பேசும். ஆனா வீட்ல நடக்கறது எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கும்.”

ஜட்ஜ் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசுவது வழக்கம் என்றார். அப்பா, அம்மா, வக்கீல்கள் வெளியே இருப்பார்கள். பள்ளிக்கூடம், தோழிகள், என்ன சாப்பிட்டாய் என்று ஆரம்பித்து மெல்ல மெல்ல வருவார்கள். 2008-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே ஒரு சிறுவனைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். அப்பாவோடு இருக்கவே விரும்பினான். அவன் சொன்னதோடு நிறுத்தாமல் மற்ற சூழ்நிலைகளையும் பார்த்த பிறகு, அப்பாவிடமே விட்டார்கள்.

“சொல்லிக் கொடுத்துக் கூட்டிட்டு வந்தா கண்டுபிடிச்சிடுவாங்களா அக்கா?” என்று கேட்டேன். யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

அவர் சிரித்தார். “பதினாலு வயசுப் பொண்ணு வந்து, ‘என் எதிர்கால நலனுக்கு உகந்த சூழல் தந்தையிடம் உள்ளது’ன்னு சொன்னா உனக்கே தெரியாதா?”

எனக்கு முகம் சூடானது. ஏறக்குறைய அந்த வாக்கியத்தைத்தான் நான் பேச்சுத் தமிழில் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவள் கேட்ட கேள்வியையும் கேட்டேன். சொன்னது ரகசியமாக இருக்குமா? அக்கா கொஞ்சம் யோசித்தார். அறையில் பேசியதை எவ்வளவு தூரம் உத்தரவில் எழுதுவது என்பது ஜட்ஜைப் பொறுத்தது, முழுக்க ரகசியம் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். “ஆனா அவ ஒண்ணு செய்யலாம். இதை வெளியில சொல்ல வேணாம்னு ஜட்ஜ்கிட்டயே சொல்லலாம். யாரையும் சொல்ல விருப்பமில்லன்னும் சொல்லலாம். வாய திறந்தாலே ஒருத்தர் பேரைச் சொல்லித்தான் ஆகணும்னு அவகிட்ட யாரு சொன்னது?”

யார் சொன்னது? நாங்கள் எல்லோரும்தான். ஒரு வருடமாக வீட்டில் யார் பேசினாலும் ‘அவ யாரைச் சொல்லுவா’ என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

*

எங்கள் தெருவில் ஒரு விஷயத்தை வெளியே விட்டால் ஆளுக்கொரு சட்டம் வந்து சேரும். அது இந்த ஊரின் வரலாறு. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட இடம். இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி கல்யாணமாகி பாரிஸ் பக்கம் போய்விட்டாள். வாட்ஸ்அப்பில் பேசும்போது சொன்னேன். அங்கே 1993-லேயே சிவில் சட்டத்தில் இதற்கு ஒரு விதி சேர்த்துவிட்டார்களாம். விவரம் புரியும் பிள்ளையை நீதிபதி கேட்கலாம் என்று இருந்ததை, 2007-ல் இன்னும் இறுக்கினார்கள். பிள்ளையே ‘நான் பேச வேண்டும்’ என்று கேட்டால் கேட்டே ஆக வேண்டும். தனியாக வரலாம், தனக்கென்று ஒரு வக்கீலோடும் வரலாம். பேச விருப்பமில்லை என்றும் சொல்லலாம். “தன்னோட பேச்சைக் கேக்க ஆள் இருக்குங்கறதே பிள்ளைக்குத் தெரியணும்ல, அதையும் ஜட்ஜ் பார்க்கணும்” என்றாள்.

பக்கத்து வீட்டு மரைக்காயர் மாமா இதைக் கேட்டுவிட்டு, “இதுக்கு பாரிஸ் வரைக்கும் போகணுமாம்மா?” என்றார். எங்கள் கரையோர முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைச் சேர்ந்தவர்கள். அந்த மரபில், ஏழு வயதுபோல் விவரம் தெரிந்துவிட்டால் தாயா தகப்பனா என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம் என்று நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஒரு நபிமொழியையும் சொன்னார். பிரிந்த ஒரு தம்பதியின் மகனிடம் நபிகள் நாயகம், இது உன் தகப்பன், இது உன் தாய், விரும்பியவர் கையைப் பிடித்துக்கொள் என்றாராம். பையன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டான். மாமா சொல்லும்போது எனக்கு அந்தப் பையனின் இன்னொரு கைதான் கண்ணில் வந்தது. அதை மாமாவிடம் சொல்லவில்லை.

வக்கீல் அக்கா சொன்ன இன்னொரு கதை சென்னை அடையாறில் நடந்தது. இது கணவன் மனைவி வழக்கு இல்லை. ஆனாலும் பிள்ளைகளின் வாயை யாராவது கேட்டார்களா என்பதுதான் கடைசியில் அங்கேயும் கேள்வியானது. பிரம்மஞான சபையில் வேலை பார்த்த நாராயணய்யா, தாயில்லாத தன் இரண்டு மகன்களை 1910-ல் அன்னி பெசன்ட்டின் பொறுப்பில் ஒப்படைத்தார். மூத்தவர்தான் பின்னாளில் உலகம் அறிந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி. இளையவர் நித்யானந்தா. பிறகு மனம் மாறி 1912-ல் பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தகப்பனுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. பெசன்ட் லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனார். 1914-ல் அங்கே தீர்ப்பு மாறியது. சொன்ன காரணங்களில் ஒன்று, அந்தப் பிள்ளைகள் சார்பில் வழக்கில் யாருமே இல்லை, அவர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று பார்க்கவில்லை என்பது. கிருஷ்ணமூர்த்திக்கு அப்போது 19 வயதை ஒட்டி. வழக்கு தொடங்கியபோது 17. இரண்டு பெரிய மனிதர்கள் இரண்டு வருடம் கடல் கடந்து சண்டை போட்டிருக்கிறார்கள். அந்தப் பையன் இங்கிலாந்தில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

நூறு வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் அதே நிலைமைதான். வழக்குக் கட்டில் மனுதாரர் இருந்தார், எதிர்மனுதாரர் இருந்தார். என் அண்ணன் மகள் ‘மைனர்’ என்ற ஒரு சொல்லாக இருந்தாள்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தபோது, “நான் அவகிட்ட பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டேன்.

“நீ யார் பக்கம்?” என்றார்.

“அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கறதா இல்ல. நீயும் ஒண்ணு செய். அவ என்ன சொன்னாலும் ஞாயித்துக்கிழமை போன் நிக்காதுன்னு அவகிட்ட சொல்லு.”

“அது எதுக்கு நிக்கும்? அவ ஏன் அப்படி நினைக்கறா?”

“நீ சொல்லலையே, அதான்.”

வெகுநேரம் பேச்சில்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு, “அவங்க அம்மா சொல்லிக் கொடுத்துட்டா என்ன பண்றது?” என்றார். அந்தப் பயம் நியாயமானதுதான். கூடவே இருப்பவருக்கு ஒரு நாளைக்கு நூறு வாய்ப்பு, வாரம் ஒரு முறை போனில் வருபவருக்கு ஒன்று. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதை ஜட்ஜ் பார்த்துக்கொள்வார் என்று மட்டும் சொன்னேன்.

அம்மா என்னோடு பத்து நாள் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் சத்தமாக வைப்பார்.

அண்ணியிடம் நான் போய்ப் பேசியது மாங்கனித் திருவிழா அன்று. ஆனி பௌர்ணமிக்கு எங்கள் ஊரே அம்மையார் கோயில் பக்கம்தான் இருக்கும். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள், கீழே ஜனங்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். கூட்டத்தில் அண்ணியைப் பார்த்தேன். பக்கத்தில் அவள். போன் பற்றி, அவள் பயம் பற்றி, அம்மா ராத்திரி சாப்பிடாததை அவள் கவனித்துக்கொண்டிருப்பது பற்றிச் சொன்னேன். அண்ணி கேட்டுக்கொண்டே இருந்தார். “நான் சாப்பிடாதது அவளுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து மகளோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார் என்று பிறகு அவளே சொன்னாள்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு வேறு ஒரு யோசனை ஓடியது. புனிதவதியின் கதை இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். கணவன் பரமதத்தன் அவரைத் தெய்வம் என்று அஞ்சிப் பிரிந்து போகிறான். பாண்டிநாட்டில் இன்னொரு கல்யாணம் செய்து, பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். சுற்றத்தார் அம்மையாரைக் கொண்டுபோய் விட்டதும், மனைவி, குழந்தையோடு வந்து காலில் விழுகிறான். வருடா வருடம் பார்க்கும் கதைதான். அன்றைக்குத்தான் முதன்முதலாக, அந்தச் சின்னப் புனிதவதிக்கு இது யார் என்று யாராவது சொல்லியிருப்பார்களா என்று தோன்றியது.

*

கோர்ட் நாள் வந்தது. அண்ணன் ராத்திரி பஸ் பிடித்து விடியற்காலையில் வந்திறங்கியிருந்தார். மரத்தடியில் ஒரு பக்கம் நாங்கள், இன்னொரு பக்கம் அண்ணி வீட்டார். அவள் பள்ளிச் சீருடையில் வந்திருந்தாள். மதியம் கணக்குப் பரீட்சை இருக்கிறதாம், முடிந்ததும் போக வேண்டுமாம்.

முந்தின நாள் சாயங்காலம் நான் அவளிடம் சொன்னது இவ்வளவுதான். உன் மனசில் இருப்பதைச் சொல்லலாம். யாரையும் சொல்லாமலும் இருக்கலாம். நீ சொல்வதை ஜட்ஜ் கேட்பார், முடிவு அவருடையது. இன்றைக்கு ஒன்று சொல்லிவிட்டு, இரண்டு வருடம் கழித்து வேறு மாதிரி தோன்றினால் திரும்பவும் கேட்கலாம். குழந்தை விஷயத்தில் உத்தரவுகள் மாறக்கூடியவைதான், வக்கீல் அக்கா அதை உறுதியாகச் சொல்லியிருந்தார். கடைசி விஷயத்தைக் கேட்டதும்தான் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது.

ஜட்ஜின் அறைக்குள் போனாள். இருபது நிமிடம் இருக்கும். அவ்வளவு நேரமும் அண்ணன் செருப்பு நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். எதிர்ப் பக்கத்தில் அண்ணி தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவள் வெளியே வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். இரண்டு பேருமே எதுவும் கேட்கவில்லை. அதற்கு இருவருக்கும் எவ்வளவு பிரயாசை ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“கணக்குப் பரீட்சைக்கு லேட்டாகுது” என்றாள்.

பிறகு வந்த உத்தரவை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பு முடியும்வரை காரைக்காலில் அம்மாவோடு. மாதம் இரண்டு வாரக் கடைசிகள் அப்பா வந்து பார்க்கலாம், கோடை விடுமுறையில் பாதி சென்னையில். அறையில் அவள் என்ன சொன்னாள் என்பது அதில் இல்லை. பெண்ணிடம் பேசியதாக மட்டும் இருந்தது.

அண்ணனுக்கு வருத்தம்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் வாரக் கடைசியில் வந்தவர் அண்ணி வீட்டு வாசலில் நின்று போன் செய்து மகளை வெளியே வரச் சொன்னார். உள்ளே வாங்க என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு வழக்கில், பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றவரை வீட்டுக்கு வந்த விருந்தாளியாக நடத்த வேண்டும் என்று உத்தரவு போட்டது பத்திரிகைகளில் வந்தது. படித்தபோது, இதையெல்லாமா கோர்ட் சொல்ல வேண்டும் என்று சிரித்தவள் நான். வாசலில் நின்ற அண்ணனைப் பார்த்த பிறகு சிரிப்பு வரவில்லை. மூன்றாவது முறை அண்ணியின் அப்பாதான் வெளியே வந்து, “உள்ள வாங்க மாப்பிள்ளை, வெயில்ல ஏன் நிக்கறீங்க” என்றாராம். பழைய பழக்கத்தில் ‘மாப்பிள்ளை’ என்று வந்துவிட்டது. யாரும் திருத்தவில்லை.

செல்போன் இன்னும் என் பீரோவில் டப்பா பிரிக்காமல் இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் தருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன், அது யார் வாங்கியது, எதற்காக வாங்கியது என்பது உட்பட. “தெரியும் அத்தை. அன்னிக்கு பீச்சுல உங்க பை திறந்துதான் இருந்துச்சு” என்றாள்.

அன்றைக்கு ஜட்ஜிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்டதில்லை. அம்மா மட்டும் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். “கணக்குப் பரீட்சை பத்திப் பேசினோம் பாட்டி” என்று சொல்லிவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டாள்.